சவாலான குழு ரைடு எது? – ட்ரெய்னர் சைக்கிள் கேள்வி பதில்

ஸ்மார்ட் ட்ரெய்னரில் (வீட்டுக்குள் ஒரே இடத்தில் மிதிக்க உதவும், பவரை அளந்து தடையைத் தானே மாற்றும் கருவி) சைக்கிளைப் பூட்டி, ஸ்விஃப்ட், மைவூஷ், ரூவி போன்ற செயலிகளில் உலகம் முழுக்க உள்ளவர்களோடு சேர்ந்து ஓட்டும் குழு ரைடுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பெரும்பாலான கேள்விகளின் அடியில் இருப்பது ஒன்றுதான்: உடம்பு தேற வேண்டுமென்றால் எவ்வளவு கஷ்டமான கூட்டத்தில் சேர வேண்டும்? ரைடின் பெயரைப் பார்த்தால் இது தெரியாது. உங்கள் எடையையும் பவரையும் வைத்துக் கணக்குப் போட்டால் தெரியும்.

ஒரு வருடமாக ட்ரெய்னரில் தினமும் 45 நிமிடம் தனியாக ஓட்டுகிறேன். முதல் ஆறு மாதம் நல்ல முன்னேற்றம். இப்போது அப்படியே நிற்கிறது. எடை 68 கிலோ, எஃப்டிபி 165 வாட். ஸ்விஃப்ட்டில் சவாலான குழு ரைடுகளை எப்படித் தேடுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

அதே 45 நிமிடம், அதே வேகம் என்றால் உடம்பு அந்தச் சுமைக்குப் பழகிவிடும். அதற்கு மேல் வளர அதற்கு அவசியம் இல்லை. குழு ரைடில் வேகத்தைக் கூட்டம் தீர்மானிக்கிறது, நீங்கள் ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது. தேங்கி நிற்பவர்களுக்கு அது நல்ல மருந்து. அளவு மீறினால் அதுவே கெடுதலும் செய்யும்.

முதலில் கணக்கு. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்சச் சராசரி பவர்தான் ஏறக்குறைய எஃப்டிபி. உங்கள் 165-ஐ 68-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 2.43 வாட். ஒரு மணி நேர ரைடு உங்களைப் பிழியவும் வேண்டும், கடைசி வரை விடாமலும் இருக்க வேண்டும் என்றால், சராசரி எஃப்டிபியில் 80 முதல் 90 சதவீதம் வர வேண்டும். உங்களுக்கு அது 132 முதல் 149 வாட், அதாவது கிலோவுக்கு 1.9 முதல் 2.2.

ஸ்விஃப்ட் குழு ரைடுகளில் ஏ, பி, சி, டி என்று பிரிவுகள் இருக்கும். வழக்கமாக டி என்றால் கிலோவுக்கு 2.5 வாட்டுக்குக் கீழே, சி 2.5 முதல் 3.2, பி 3.2 முதல் 4.0, ஏ அதற்கு மேல். சி ரைடின் கீழ்மட்டமான 2.5 உங்களுக்கு 170 வாட். உங்கள் எஃப்டிபியே 165. கூட்டத்தின் காற்று மறைவில் (முன்னால் போகிறவர் காற்றைத் தடுப்பதுபோல் செயலியே கணக்கிட்டுத் தரும் சலுகை அது) 20, 25 நிமிடம் ஒட்டிக்கொண்டு வருவீர்கள். அதன் பிறகு கழன்று, மீதி நேரம் தனியாகத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அதற்கு இப்போது நீங்கள் ஓட்டும் ரைடே போதும். ஆகவே டி பிரிவில் 2.0 முதல் 2.5 என்று வேகம் குறித்திருக்கும் 60 நிமிட ரைடிலிருந்து தொடங்குங்கள்.

தேடுவதற்குக் கைபேசியில் ஸ்விஃப்ட்டின் துணைச் செயலியான கம்பேனியன்தான் வசதி. ஈவென்ட்ஸ் பக்கத்தில் வேகப் பிரிவையும் நேரத்தையும் வைத்து வடிகட்டலாம். ஒவ்வொரு அறிவிப்பையும் திறந்து முழுக்கப் படியுங்கள். வேகம் எவ்வளவு, ரைடு நிமிடக் கணக்கா கிலோமீட்டர் கணக்கா, மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், லீடர் உண்டா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பலர் ஏற்றத்தைப் பார்ப்பதில்லை. 'டெம்பஸ் ஃப்யூஜிட்' போன்ற பாதையில் ஒரு சுற்றே 17 கி.மீ.; ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அங்கே ஒரு மணி நேரம் என்றால் ஒரே சீரான மிதி. அதே ஒரு மணி நேரம் 'ஆல்ப் டு ஸ்விஃப்ட்' மலையில் என்றால் கதையே வேறு. பிரான்ஸின் ஆல்ப் டியூஎஸ் மலைப்பாதையை அப்படியே எடுத்துச் செய்தது அது: 12 கி.மீ. தூரம், 21 கொண்டை ஊசி வளைவுகள், சராசரிச் சரிவு 8.5 சதவீதம், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஒரு மணி நேரத்துக்குள் உச்சியைத் தொட கிலோவுக்கு 3 வாட்டுக்குச் சற்று மேல் வேண்டும். உங்கள் இப்போதைய பவரில் அது ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது. அப்படிப்பட்ட மலை ரைடை மாதத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்புக்காகக் காத்திருக்க முடியாத நாட்களில் ரோபோபேசர் இருக்கிறது. நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே பவர் அளவில் ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஓட்டுநர் அது. சுற்றிலும் நிஜ மனிதர்களின் கூட்டம் எப்போதும் இருக்கும். எதன் வேகம் எவ்வளவு என்று சேரும்போதே திரையில் காட்டும். உங்கள் எண்ணுக்கு 0.2 அல்லது 0.3 கீழே உள்ளதைப் பிடித்து 40 நிமிடம் விடாமல் ஒட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து 60 நிமிடம். அது பிடிபட்டதும் அடுத்த வேகத்துக்கு ஏறுங்கள். ஏற்றத்தில் இந்த ரோபோக்கள் பவரைக் கூட்டும், இறக்கத்தில் குறைக்கும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் தயாராக இல்லாதவர்களே கழன்று போகிறார்கள்.

உங்கள் எஃப்டிபி எப்போது எடுத்தது என்று எழுதவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் பழையது என்றால் மேலே சொன்ன கணக்கு அத்தனையும் தவறாகிவிடும். மறுபடி சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்: நன்றாகச் சூடேற்றிய பின் 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, அந்தச் சராசரியை 0.95-ஆல் பெருக்க வேண்டும்.

என் எடை 52 கிலோ. கிலோவுக்கு 2.0 முதல் 2.5 வாட் என்று போட்ட ரைடில் 2.4 மிதித்தும் பின்தங்குகிறேன். மற்றவர்கள் 2.2 தான் காட்டுகிறார்கள், ஆனால் என்னைத் தாண்டிப் போகிறார்கள். என் ட்ரெய்னர் தவறாகக் காட்டுகிறதா?
– வாசகி, சென்னை

ட்ரெய்னர் சரியாகத்தான் காட்டுகிறது. எடை குறைந்தவர்கள் எல்லாருக்கும், குறிப்பாக நம் ஊர்ப் பெண்களுக்கு, இந்தச் சிக்கல் வருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் 'எனக்கு வலு போதவில்லை' என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

சமதளத்தில் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. காற்றை வெல்லத் தேவைப்படுவது மொத்த வாட். கிலோவுக்கு எத்தனை என்று காற்று பார்ப்பதில்லை. நீங்கள் 2.4 மிதித்தால் 125 வாட். 80 கிலோ எடையுள்ள லீடர் 2.2 மிதித்தாலே 176 வாட். உடம்பு பெரிதாக இருப்பதால் அவருக்குக் காற்றின் தடையும் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் எடை கூடும் அளவுக்கு அது கூடுவதில்லை. ஆக, சமதளத்தில் அவர் வேகம் அதிகம், இறக்கத்தில் இன்னும் அதிகம். செங்குத்தான ஏற்றத்தில் மட்டும் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். அங்கே புவியீர்ப்புதான் எதிரி, கிலோவுக்கு எத்தனை வாட் என்பதே பேசும்.

இதற்குச் செய்ய வேண்டியவை சில. சமதள ரைடு என்றால் அறிவிப்பில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், லீடர் 75, 80 கிலோ இருப்பார் என்று வைத்து மொத்த வாட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள். கூட்டத்தின் நடுவில் இருந்தால் தனியாக ஓட்டுவதை விடக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை பவர் மிச்சமாகும். அதனால் 176 வாட் லீடரின் கூட்டத்தில் 125 வாட்டோடு தாக்குப்பிடிப்பது நடக்கக்கூடிய காரியமே. ஆனால் ஒரு நொடிகூட வெளியே வரக் கூடாது.

காற்று மறைவில் இருக்கிறோமா என்று திரையிலேயே தெரியும். வேகமாகப் போகும்போது உங்கள் உருவம் குனிந்து, ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்திருந்தால் காற்று உங்கள் மேல் அடிக்கிறது என்று பொருள். நிமிர்ந்து மேலே கை வைத்திருந்தால் மறைவில் இருக்கிறீர்கள். வலப்பக்கப் பட்டியலில் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் எத்தனை நொடி இடைவெளி என்று காட்டும். இரண்டு நொடி ஆனதும் உடனே எழுந்து நின்று 10 நொடி பலமாக மிதித்து மூடிவிடுங்கள். ஐந்து நொடி ஆகும் வரை யோசித்தால் அதை மூட இரண்டு நிமிடம் எஃப்டிபிக்கு மேல் போராட வேண்டி வரும், பெரும்பாலும் முடியாது.

மேட்டின் உச்சியைக் கவனியுங்கள். ஏற்றத்தில் முன்னால் வந்துவிட்டோம் என்று உச்சியில் காலைத் தளர்த்துவதுதான் எடை குறைந்தவர்கள் கழன்று போகும் வழக்கமான இடம். கனமானவர்கள் அங்கிருந்து உருண்டு ஓடிவிடுவார்கள். உச்சி தாண்டி வேகம் பிடிக்கும் வரை, 15 முதல் 20 நொடி, பவரைக் குறைக்காதீர்கள்.

இன்னொரு வழி, ஏற்றமுள்ள பாதைகளை நீங்களே தேர்ந்தெடுப்பது. நீண்ட, செங்குத்தான ஏற்றங்களில் உங்கள் 2.4 உண்மையாகவே 2.4 ஆக வேலை செய்யும். பெண்களுக்கு மட்டுமான ரைடுகளும் உண்டு. அங்கே எடை வித்தியாசம் குறைவு என்பதால் அறிவிப்பு எண்ணும் நிஜமும் நெருங்கி வரும்.

குழு ரைடு, குரூப் வொர்க்அவுட், ரேஸ் – உடல் தேற எது நல்லது? ரேஸில் ஒருமுறை சேர்ந்தேன். மூன்றே நிமிடத்தில் மூச்சு வாங்கி நிறுத்திவிட்டேன்.
– வாசகர், மதுரை

மூன்றும் வேறு வேறு வேலை செய்யும். குழு ரைடு என்பது லீடர் இருந்து நடத்துவது. லீடரின் தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு தெரியும். பின்தங்கியவர்களைக் கூட்டி வருபவர்களுக்குச் சிவப்பு விளக்கு. சில ரைடுகளில் லீடருக்கு முன்னால் போக முடியாதபடி வேலி போட்டிருப்பார்கள். மீறித் தொடர்ந்து முன்னே ஓடினால் ரைடிலிருந்து வெளியே தள்ளிவிடும். வேலி உள்ள ரைடில் வேகம் சீராக இருக்கும். வேலி இல்லாத ரைடில் முன்வரிசை பத்து நிமிடத்தில் ரேஸாக மாறிவிடுவது சகஜம். அப்போது அவர்களைத் துரத்தாமல் மஞ்சள் விளக்கோடு இருங்கள்.

குரூப் வொர்க்அவுட்டில் இன்டர்வெல்கள், அதாவது கடினமும் லேசும் மாறி மாறி வரும் பகுதிகள், ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொருவரும் தத்தம் எஃப்டிபி சதவீதத்தில் மிதிப்பார்கள். யார் எத்தனை வாட் மிதித்தாலும் திரையில் எல்லாரும் ஒன்றாகவே போவார்கள். பலம் வேறுபட்ட கணவன் மனைவி, நண்பர்கள் சேர்ந்து பயிற்சி செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. இதில் எர்க் மோட் வேலை செய்யும், அதாவது ட்ரெய்னரே தடையைக் கூட்டிக் குறைத்து உங்களைக் குறித்த வாட்டில் பிடித்து வைக்கும். இதில் ஒரு பொறி உண்டு. களைப்பில் மிதி வேகம் நிமிடத்துக்கு 85-லிருந்து 60-க்கு இறங்கினால், அதே வாட்டைப் பிடிக்க ட்ரெய்னர் தடையைக் கூட்டும். மிதி இன்னும் மெதுவாகும், தடை இன்னும் ஏறும். கடைசியில் கால் சிக்கி நின்றுவிடும். 75-க்குக் கீழே இறங்கும்போதே மொத்தக் கடினத்தை 3 முதல் 5 சதவீதம் குறைத்துவிடுங்கள். நின்றே விட்டால் சில நொடி மிதிக்காமல் இருங்கள். தடை விலகியதும் வேகமாகச் சுழற்றிக்கொண்டு மறுபடி சேருங்கள்.

ரேஸுக்கு வருவோம். சாலை ரேஸைப் போல மெல்லத் தொடங்கிச் சூடு பிடிப்பது இங்கே கிடையாது. கொடி அசைந்ததும் எல்லாரும் முதல் கூட்டத்தைப் பிடிக்கப் பாய்வார்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் எஃப்டிபியில் 120 முதல் 150 சதவீதம் வரை போவது சாதாரணம். சூடேறாத உடம்போடு சேர்ந்தால் உங்களுக்கு நடந்ததுதான் எல்லாருக்கும் நடக்கும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். தொடங்குவதற்கு 17 நிமிடம் முன்பே ஏறி, 8 நிமிடம் லேசாக. பிறகு எஃப்டிபியில் 110 சதவீதத்தில் ஒரு நிமிடம், லேசாக ஒரு நிமிடம். இப்படி மூன்று முறை. கடைசி மூன்று நிமிடம் லேசாகச் சுழற்றியபடி ரேஸ் தொடங்குமிடத்தில் நிற்க வேண்டும். கடிகாரம் 10 நொடி காட்டும்போதே பவரை ஏற்றத் தொடங்குங்கள், ஏனென்றால் ட்ரெய்னரின் பவர் திரைக்கு வர ஓரிரு நொடி ஆகும். பூஜ்யம் ஆன பிறகு மிதித்தால் கூட்டம் போய்விட்டிருக்கும். முதல் கூட்டம் முடியாவிட்டால் இரண்டாவது கூட்டத்தில் உட்காருங்கள்; தனியாக மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பிரிவைக் குறைத்துக்கொண்டு எளிதாக ஜெயிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பல ரேஸ்களில் உங்கள் பழைய ரைடுகளின் பவரைப் பார்த்துச் செயலியே கீழ்ப்பிரிவை அடைத்துவிடும்.

உடல் தேற வேண்டுமென்றால் எங்கள் பரிந்துரை: வாரம் ஒரு குழு ரைடு, வாரம் ஒரு குரூப் வொர்க்அவுட். 20, 30 நிமிடக் குறுகிய ரேஸ் ஒன்று பத்து நாளைக்கு ஒருமுறை. அந்த வாரம் வொர்க்அவுட்டை விட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் எஃப்டிபியில் 55 முதல் 75 சதவீதத்தில், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய அளவில் மட்டும். கடினமான ரைடுகளுக்கு இடையே குறைந்தது 48 மணி நேரம். நான்காவது வாரம் மொத்த நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வாரத்தில் நான்கு நாள் ரேஸ் ஓட்டுபவர்கள் ஐந்தாவது வாரம் முன்பிருந்ததை விட மெதுவாகிவிடுவார்கள். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தை விட 7, 8 கூடுதலாக இருந்து, தூக்கமும் கெட்டு, ரைடில் துடிப்பு ஏறவே மறுத்தால், உடம்பு ஓய்வு கேட்கிறது.

காலை 5 மணிக்குத்தான் எனக்கு நேரம். அந்த நேரத்தில் நல்ல கூட்டம் இருக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

இருக்கும். நமக்குக் காலை 5 மணி என்றால் கோடையில் நியூயார்க்கில் முந்தைய நாள் மாலை 7.30; அங்கே வேலை முடிந்து வந்து மிதிக்கும் நேரம். அமெரிக்கக் குழுக்கள் நடத்தும் ரைடுகளும் ரேஸ்களும் அப்போது நிறைய. மாலையில் ஓட்டுபவர்களுக்கு ஐரோப்பா. லண்டனின் கோடை மாலை 5 மணி நமக்கு இரவு 9.30. ஜப்பானின் இரவு 8 மணி நமக்கு மாலை 4.30.

கோடைக் கடிகார மாற்றத்தை மறக்காதீர்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளும் நேரம் மாறும். நமக்கு மாறுவதில்லை. வழக்கமாக 5 மணிக்குப் போகும் ரைடு நவம்பரில் 6 மணிக்கு நகர்ந்துவிடும். செயலி நம் நேரத்தில்தான் காட்டும் என்பதால், அந்த வாரங்களில் மட்டும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குழு ரைடில் அரை மணி கழித்து நாடித்துடிப்பு 175-ஐத் தாண்டுகிறது, பவர் சரிகிறது. வெளியே இதே பவரில் 160 தான். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
– வாசகர், தூத்துக்குடி

எந்த மின்விசிறி? கூரை விசிறி என்றால் ட்ரெய்னருக்கு அது போதாது. வெளியே 28 கி.மீ. வேகத்தில் போகும்போது அதே வேகக் காற்று உடம்பில் பட்டு வியர்வையை உலர்த்துகிறது. வீட்டுக்குள் அது இல்லை. வியர்வை சொட்டினால் மட்டும் சூடு இறங்காது, அது ஆவியாக வேண்டும். கடலோர ஊரின் ஈரக் காற்றில் ஆவியாவது ஏற்கெனவே மெதுவு. சூட்டை வெளியேற்ற இதயம் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, காலுக்குப் போவது குறைகிறது. அதனால்தான் துடிப்பு ஏறி, பவர் இறங்குகிறது.

பெரிய பெடஸ்டல் விசிறி ஒன்றை முன்னால் ஒரு மீட்டர் தள்ளி, மார்பு உயரத்துக்கு வையுங்கள். முடிந்தால் இன்னொன்று பின்பக்கவாட்டில், முதுகைப் பார்த்து. ஜன்னல் இரண்டும் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் 20 நிமிடத்திலேயே ஈரம் ஏறிவிடும். ஏசி இருந்தால் ரைடுக்கு கால் மணி முன்பே போட்டுவிட்டு, விசிறியையும் சேர்த்து ஓட்டுங்கள். ஏசி மட்டும் என்றால் அறை குளிரும், உங்கள் தோல் குளிராது.

தண்ணீர் எவ்வளவு தேவை என்பதைத் தராசிலேயே பார்க்கலாம். ரைடுக்கு முன்னும் பின்னும் உடம்பைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்து, அரை லிட்டர் குடித்திருந்தால் வெளியேறியது ஒன்றரை லிட்டர். அதில் முக்கால் பங்காவது ரைடின்போதே உள்ளே போக வேண்டும். 750 மில்லி பாட்டிலில் கால் டீஸ்பூன் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரை எலுமிச்சை பிழிந்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு. ரத்தக் கொதிப்போ சர்க்கரையோ இருப்பவர்கள் இந்தக் கலவையை மருத்துவரிடம் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

ஹேண்டிலின் மேல் துண்டு போட மறக்காதீர்கள். உப்பு வியர்வை ஹேண்டிலைத் தாங்கும் ஹெட்செட் பேரிங்கிலும் ஸ்டெம் போல்ட்டிலும் இறங்கினால் சில மாதத்தில் துருப்பிடித்து அசையாமல் போய்விடும். ரைடு முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணி.

ரைடு நடுவில் திடீரென்று பவர் பூஜ்யமாகி, கூட்டம் என்னை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. நன்றாக மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
– வாசகர், சிங்கப்பூர்

மற்றவர்கள் திரையில் நகர்ந்துகொண்டே இருந்து உங்கள் பவர் மட்டும் பூஜ்யம் என்றால், ட்ரெய்னருக்கும் கணினிக்கும் இடையிலான சிக்னல் அறுகிறது. பவர் காட்டிக்கொண்டே இருந்து, சுற்றியுள்ளவர்கள் மட்டும் மறைந்து போனால் அது இணையத்தின் கோளாறு. எது என்று தெரிந்துகொள்ளாமல் ரௌட்டரை மாற்றிப் பயன் இல்லை.

முதல் வகைக்குப் பெரும்பாலும் காரணம் ப்ளூடூத். பல ட்ரெய்னர்கள் ப்ளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரே கருவியோடுதான் இணையும். உங்கள் கைபேசியில் ட்ரெய்னர் நிறுவனத்தின் செயலி பின்னணியில் திறந்திருந்தால் அது போய் ஒட்டிக்கொள்ளும். அதை முழுக்க மூடிவிட்டு, பிறகு இணையுங்கள். ஆன்ட் பிளஸ் டாங்கிள் (ட்ரெய்னரின் சிக்னலைப் பிடிக்கும் சிறிய யூஎஸ்பி கருவி) என்றால், கணினியின் பின்புறம் செருகாமல் ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டு ட்ரெய்னரின் பக்கத்திலேயே வையுங்கள். வைஃபையும் இந்த இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே ஓடுவதால் ஒன்றையொன்று கெடுக்கும். கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். யூஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஏதாவது செருகியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பின் டயரை உருளையில் அழுத்தும் வகை ட்ரெய்னர் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. டயர் காற்றை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு, ட்ரெய்னர் கையேடு சொல்லும் அழுத்தத்துக்கு நிரப்பி, 10 நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு ஸ்பின்டவுன் கேலிபரேஷன் (வேகமாக மிதித்துவிட்டு, சக்கரம் தானே நிற்கும் வரை விட்டு ட்ரெய்னரைச் சரிபார்ப்பது) செய்ய வேண்டும். குளிர்ந்த டயரில் செய்தால் பவர் தவறாகவே காட்டும். அந்தத் தவறான எண்ணை வைத்துப் பிரிவைத் தேர்ந்தெடுத்தால் எல்லாமே கோணலாகிவிடும்.

வயது 54. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் ட்ரெய்னர் வாங்கித் தந்திருக்கிறான். கடினமான குழு ரைடில் சேரலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

இதய மருத்துவரைப் பார்த்து, ட்ரெட்மில் சோதனை தேவையா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். மாத்திரையின் பெயரையும் அவரிடம் காட்டுங்கள். மெட்டோப்ரோலால், அட்டினோலால் போன்ற பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) என்றால் எவ்வளவு மிதித்தாலும் துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது. '130 தானே' என்று நினைத்து எல்லை தாண்டிவிடுவீர்கள். உங்களுக்கு அளவுகோல் பேச்சுதான்: ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் சரி.

முதல் எட்டு வாரம் மெதுவான ரோபோபேசர் ஒன்றோடு 30 நிமிடம், வாரம் மூன்று நாள். கூட்டம் வேகம் பிடித்தால் விட்டுவிடுங்கள். ரைடு முடிந்ததும் பட்டென்று இறங்காமல் 8 முதல் 10 நிமிடம் லேசாகச் சுழற்றுங்கள். திடீரென்று நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். மார்பில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல் இவற்றில் எது வந்தாலும் மிதிப்பதை நிறுத்தி, வீட்டாரைக் கூப்பிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஓட்ட வேண்டாம்.

மாதச் சந்தா கட்டாமல் குழு ரைடு ஓட்ட வழி உண்டா?
– வாசகர், சேலம்

மைவூஷ் இலவசம். ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த இந்தச் செயலியில்தான் 2024-ல் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பின் மின் விளையாட்டு உலகப் போட்டி நடந்தது. இலவசம் என்பதால் தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். பிரிவுகள், ரேஸ், குழு ரைடு, பயிற்சித் திட்டம் எல்லாம் உண்டு. கூட்டம் ஸ்விஃப்ட்டில்தான் அதிகம், குறிப்பாக நம் ஊர் அதிகாலையில். மூன்று மாதம் மைவூஷில் ஓட்டிப் பார்த்து, கூட்டம் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் சந்தா கட்டுங்கள். செயலி எதுவானாலும் எடையையும் உயரத்தையும் சரியாகப் பதிந்துவிடுங்கள்.

ரைடு தொடங்கி ஐந்து நிமிடம் தாமதமாகிவிட்டால் சேர முடியுமா?
– வாசகி, திருச்சி

ஸ்விஃப்ட்டில் பெரும்பாலான குழு ரைடுகளில் தொடங்கிய 30 நிமிடம் வரை சேரலாம். செயலியே உங்களை லீடரின் அருகில் கொண்டுபோய் விடும். ரேஸில் அந்தச் சலுகை கிடையாது. தாமதமாகச் சேர்வதாக இருந்தால் முன்பே ஐந்து நிமிடம் தனியாகச் சுழற்றிவிட்டுச் சேருங்கள், ஏனென்றால் நீங்கள் போய் விழும் இடத்தில் கூட்டம் ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.